பயிற்சித்தாள் இல்லாமல் ஒரு தமிழ்ப் புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரலில் தமிழ் மொழி விழா வந்தால் போதும், எந்த மேடையானாலும் யாராவது ஒருவர் எழுந்து "இந்தக் காலத்துப் பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை" என்று சொல்லிவிட்டு உட்காருகிறார். கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். நான் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள், எதைத் திருப்பி வைக்கிறார்கள் என்று தினமும் பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அது உண்மையில்லை. தொடுகிறார்கள். எடுக்கிறார்கள், அட்டையைப் பார்க்கிறார்கள், உள்ளே இரண்டு பக்கம் புரட்டுகிறார்கள். அப்புறம்தான் திருப்பி வைக்கிறார்கள். ஏன் திருப்பி வைக்கிறார்கள் என்று எந்த மேடையிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கநிலை 3 படிக்கும் ஒரு பையன், முதலைப் படம் போட்ட புத்தகம் ஒன்றை எடுத்தான். முதல் பக்கத்துக்குப் போகவில்லை, நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். அங்கே ஒன்றும் இல்லை என்றதும் என்னிடம் கொண்டுவந்து, "ஆன்ட்டி, இதுக்கு வொர்க் ஷீட் இருக்கா?" என்று கேட்டான். இல்லைப்பா என்றேன். "அப்போ எதுவும் எழுத வேணாமா?" வேண்டாம். "டீச்சர்கிட்ட கதை சொல்லணுமா?" அதுவும் வேண்டாம். அவனுக்கு முழு நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். இதே பையன் ஆங்கிலப் புத்தகம் எடுக்கும்போது ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. ஆங்கிலத்தில் இருந்தால் அது வெறும் கதை, தமிழில் இருந்தால் பின்னாலேயே ஏதோ ஒரு சோதனை வருகிறது என்று எட்டு ஒன்பது வயதிலேயே அவன் முடிவுக்கு வந்துவிட்டான்.

அந்த முடிவு அவனுக்கு எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்துதான். ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுத்தால் கூடவே ஒரு தாளையும் கொடுக்கிறோம். கதையின் தலைப்பு, எழுதியவர் பெயர், கதாபாத்திரங்கள், பிடித்த பகுதி, கற்றுக்கொண்ட நீதி, ஐந்து புதிய சொற்கள், அந்தச் சொற்களை வைத்து ஐந்து வாக்கியங்கள். இந்தத் தாளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கதையை வாசிப்பதில்லை. தெரியாத சொல்லைத் தேடி விரலை ஓட்டுகிறார்கள். ஐந்து கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். முதலை கடைசியில் ஆற்றுக்குத் திரும்பியதா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. நீதிக்கான கட்டத்தில் மட்டும் "நாம் ஒற்றுமையாக இருக்க வேண்டும்" என்று எழுதியிருப்பார்கள். எந்தக் கதைக்கும் பொருந்தும் நீதி அது.

பெற்றோரின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் கட்டுரை இருக்கிறது, கருத்தறிதல் இருக்கிறது, வாய்மொழி இருக்கிறது, வாசித்தால் எல்லாவற்றிலும் கைகொடுக்கும் என்று ஆசிரியர் சொல்கிறார், அதனால் வாசிப்பையும் துணைப்பாட வகுப்பு மாதிரி அட்டவணை போட்டு நடத்துகிறார்கள். ஆசிரியர் சொல்வது சரிதான், வாசிப்பு கைகொடுக்கும். ஆனால் நிறைய வாசித்தால்தான் கைகொடுக்கும், பிடித்திருந்தால்தான் ஒரு பிள்ளை நிறைய வாசிக்கும். ஒரு புத்தகத்துக்கு ஒரு தாள் என்று வைத்தால் மாதம் ஒரு புத்தகத்தோடு நின்றுவிடும். கல்வி அமைச்சே 2019லிருந்து தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளுக்கு மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகளை எடுத்துவிட்டது, 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகளும் எல்லா நிலைகளிலும் போய்விட்டன. பள்ளி விட்டுக்கொடுத்த அந்த நேரத்தை நாம் வீட்டில் வேறு தாள்களால் நிரப்பினால் என்ன பயன்? அந்த முதல் இரண்டு வருடமும் தமிழ்ப் புத்தகத்தோடு ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்து, படம் பார்த்து, பாதியில் விட்டுவிட்டு வேறு எடுத்து, திரும்பவும் பழையதையே கேட்டு வாங்கி, இப்படியெல்லாம் பழகவேண்டிய வருடங்கள். அதைக் கெடுத்துவிட்டால் பிறகு தொடக்கநிலை 5ல் என்ன செய்தாலும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவருவது பெரும்பாடு.

சரி, தாளை எடுத்துவிட்டால் மட்டும் பிள்ளைகள் வாசித்துவிடுவார்களா என்று கேட்பீர்கள். இல்லை. யாராவது ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும். எங்கள் நூலகத்தில் வாரத்தில் சில நாள் இடைவேளையில் நான் சத்தமாக வாசிக்கிறேன். சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வருபவர்கள் கம்பளத்தில் உட்காருகிறார்கள். நான் குட்டை முக்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பி, முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் வரியைப் பார்த்து வாசிப்பேன். கழுத்து வலிக்கும், ஆனால் படம் தெரியாவிட்டால் கடைசி வரிசைப் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது கதை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே வீட்டில் வாசித்துப் பார்த்து முடிவு செய்துவிடுவேன். பெட்டியைத் திறக்கிறார்கள், உள்ளே ஏதோ அசைகிறது, மணி அடிக்கிறது, புத்தகத்தை மூடுகிறேன். "ஆன்ட்டி ப்ளீஸ், பாம்பா? பாம்புதானே?" என்று கதவு வரைக்கும் கூடவே வருவார்கள். நான் சொல்லமாட்டேன். புத்தகத்தை அங்கேயே முக்காலிமேல் வைத்துவிட்டுப் போய்விடுவேன். மறுநாள் காலையில் கொடியேற்றத்துக்கு முன்னாலேயே யாராவது ஒருவர் வந்து நின்று, தானாக எழுத்துக்கூட்டி, அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார். எழுத்துக்கூட்டி வாசி என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்லவில்லை.

சத்தமாக வாசிப்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது, தமிழுக்கே உரிய காரணம். நாம் பேசும் தமிழ் வேறு, புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறு. வீட்டில் "பாத்துக்கிட்டு இருந்தான்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்தில் "பார்த்துக்கொண்டிருந்தான்" என்று பன்னிரண்டு எழுத்து ஒரே மூச்சில் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் மிரண்டுவிடுகிறது. எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளைதான், ஆனால் ஆறாவது எழுத்துக்குப் போகும்போது முதல் எழுத்து மறந்துபோகிறது. அதையே ஒருவர் முகபாவத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தால், காது முதலில் பழகிக்கொள்கிறது, கண் பின்னால் வருகிறது. அதனால் நான் வாசிக்கும்போது புத்தகத்தில் உள்ளபடியே வாசிப்பேன். முகங்கள் விழித்தால் மட்டும் பேச்சுத்தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டு மறுபடியும் புத்தகத்துக்கு வருவேன். பள்ளியில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று 2005ல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது நல்ல காரியம். ஆனால் பேசும் தமிழிலிருந்து வாசிக்கும் தமிழுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக வழி வேண்டுமே, அந்த வழி கதை கேட்பதுதான் என்பது என் அனுபவம்.

வீட்டிலும் தமிழ் கேட்காத பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுகிறோம் என்று சொன்ன இந்தியர்கள் 36.7 விழுக்காடு. 2020ல் அது 27.9 விழுக்காடாகக் குறைந்துவிட்டது, ஆங்கிலம் 59.2 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டது. இந்த எண்களைப் பார்த்துவிட்டு ஒப்பாரி வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. என் கண்முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வகுப்பறைக்கு வெளியே ஒரு நாளில் தமிழ் காதில் விழுவது அந்தப் பத்து நிமிடம் மட்டுமாக இருக்கலாம் என்பதுதான் எனக்கு அந்த எண்கள் சொல்வது. அந்தப் பத்து நிமிடத்தில் கேள்வி கேட்கலாமா, கதை சொல்லலாமா?

அடுத்து, புத்தகத்தையும் பிள்ளையையும் சேர்த்துவைக்கும் வேலை. நூலகவியல் என்றால் உலகம் முழுக்க ஒரு தமிழ்நாட்டுக்காரரின் பெயரைச் சொல்வார்கள், நம் பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது. சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார், 1931ல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது விதியைத்தான் நான் என் மேசையில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். ஏனென்றால் யாரும் எடுக்காத புத்தகம் என்று நாம் ஒதுக்கிவிடும் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு பிள்ளை இருக்கிறது, அந்தப் பிள்ளையை நூலகப் பணியாளர்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

எறும்புகளைப் பற்றி ஒரு மெல்லிய தமிழ்ப் புத்தகம் எங்களிடம் இருந்தது. உறை கூடக் கசங்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. தொடக்கநிலை 5ல் ஒரு மாணவி, கதை நேரத்துக்கு வரமாட்டாள், நூலகத்துக்கே வரமாட்டாள், இடைவேளை முழுக்கப் பள்ளித் தோட்டத்தில் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இரண்டு மூன்று நாள் கழித்து நூலகத்துக்கு வந்தாள். புத்தகத்தை மேசையில் விரித்து ஒரு படத்தைக் காட்டி, "இதுல தப்பா போட்டிருக்காங்க ஆன்ட்டி, நம்ம தோட்டத்து எறும்பு இப்படிப் போகாது" என்றாள். எப்படிப் போகும் என்று கேட்டேன். விரலால் மேசையில் வரைந்து காட்டினாள், நடுவில் ஆங்கிலம், நடுவில் தமிழ், புத்தகத்தில் இருந்த சொற்களையே எடுத்து எடுத்துப் போட்டுப் பேசினாள். புற்று, இரை, வரிசை, உணர்கொம்பு. அந்தச் சொற்களை யாரும் அவளைப் பட்டியல் போடச் சொல்லவில்லை. புத்தகத்தோடு சண்டை போடுவதற்கு அவை தேவைப்பட்டன, அதனால் எடுத்துக்கொண்டாள். அந்த வருடம் அவள் நூலகத்தில் இருந்த பூச்சி, பறவை, பாம்பு பற்றிய தமிழ்ப் புத்தகங்கள் எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டாள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சி தாங்கவில்லை.

இந்த மாதிரி சேர்த்துவைக்க வேண்டுமானால் நூலகத்தில் இருப்பவர் அந்தப் புத்தகங்களை வாசித்திருக்க வேண்டும். பல பள்ளிகளில் நூலகப் பணியாளர் என்றால் பார்கோடு தட்டுபவர், பிளாஸ்டிக் உறை போடுபவர், வருடக் கடைசியில் கணக்கெடுப்பவர் என்றுதான் நினைக்கிறார்கள். அந்த வேலைகளும் வேண்டும்தான். ஆனால் "உனக்குக் கால்பந்து பிடிக்குமா, பேய் பிடிக்குமா, சாப்பாடு பிடிக்குமா" என்று கேட்டு, கேட்ட கையோடு ஒரு தமிழ்ப் புத்தகத்தை உருவிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அலமாரி அலமாரியாகவே நிற்கும். பணியாளருக்குத் தமிழ் தெரியாத பள்ளிகளும் உண்டு, அது அவர்கள் குற்றமில்லை. அங்கே தமிழாசிரியர் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் அந்த அலமாரிக்கு முன்னால் வந்து நின்றாலே நிலைமை மாறும்.

அலமாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்ப் புத்தகங்களை முதுகு மட்டும் தெரியும்படி நெருக்கி அடுக்கினால் பிள்ளைகளுக்கு எதுவுமே தெரியாது, ஏனென்றால் நம் பிள்ளைகள் பலருக்கு முதுகில் சின்னதாக அச்சிட்ட தமிழை நின்ற வாக்கில் வாசிக்க வராது. அட்டைப்படம் தெரியும்படி நிறுத்திவையுங்கள், பத்துப் புத்தகம் போதும், வாரம் ஒரு முறை மாற்றுங்கள். அப்படி நிறுத்திய புத்தகங்களைத் தேடி வரும் கைகளை நான் பார்க்கிறேன்.

பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லும் சில வார்த்தைகளையும் நிறுத்த வேண்டும். "இவ்வளவு மெல்லிசாவா எடுப்ப?" "இது படம் போட்ட புத்தகம், நீ தொடக்கநிலை 5 ஆச்சே." "இதைத்தான் போன வாரமே வாசிச்சியே." "காமிக்ஸ் எல்லாம் வாசிப்பே இல்ல." தொடக்கநிலை 5 பையன் தொடக்கநிலை 1 புத்தகத்தைத் தமிழில் எடுக்கிறான் என்றால், அவனால் சிரமமில்லாமல் வாசித்து முடிக்க முடிந்த அளவு அதுதான். முடித்துவிட்டோம் என்ற நிறைவு அவனுக்குக் கிடைக்கட்டும், தானாக அடுத்ததற்குப் போவான். பேய்க்கதை எடுத்தால் சில பெற்றோருக்குப் பிடிப்பதில்லை. இரவில் தூங்கமாட்டேன் என்கிறான் என்று ஒரு தாயார் என்னிடம் சொன்னார். தூங்காமல் என்ன செய்கிறான் என்று கேட்டேன். போர்வைக்குள் டார்ச் அடித்து வாசிக்கிறானாம். தமிழ்ப் புத்தகத்தை! அவரிடம் நான் சொன்னது, இன்னும் இரண்டு பேய்க்கதை தருகிறேன், பள்ளி விடுமுறை நாட்களில் கொடுங்கள் என்பதுதான்.

புத்தகம் போதாது என்ற குறை உண்மையில் இருக்கிறது. நமக்கு வரும் சிறுவர் நூல்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருபவை. கண்மாய், மாட்டுவண்டி, களத்துமேடு எல்லாம் பிள்ளைகளுக்குப் புதிது, ஆனால் புதிதாக இருப்பதே சில பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, அதனால் அதை ஒரு குறையாக நான் சொல்லமாட்டேன். கூடவே வீவக அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியில் மாட்டிக்கொண்ட பிள்ளை, எம்ஆர்டி ரயிலில் இறங்க மறந்த தாத்தா, தேக்கா சந்தையில் தொலைந்த குடை, பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி கொடுத்த பலகாரம், இப்படி நம் ஊர்க் கதைகளும் அதிகம் வேண்டும். நம் ஊர் எழுத்தாளர்கள் பிள்ளைகளுக்கு எழுதுகிறார்கள், இன்னும் நிறைய எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவசரத்துக்கு, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு படிநிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன, கைப்பேசியிலேயே திறந்து பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம். பொது நூலகங்களிலும் தமிழ்ச் சிறுவர் பகுதி இருக்கிறது. சனிக்கிழமை காலையில் போய்ப் பிள்ளையையே தேர்ந்தெடுக்க விடுங்கள், நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இந்தத் தமிழ் அலமாரி நமக்குச் சும்மா வந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1953ல் லீ கொங் சியான் என்ற சீன வணிகர் பொது நூலகம் கட்ட 375,000 வெள்ளி (டாலர்) தர முன்வந்தார். நூலகம் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், இங்குள்ள மக்களின் தாய்மொழி நூல்களையும் வளர்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அப்படித்தான் 1960 நவம்பரில் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடம் திறந்தது. அதே வருடம் நடமாடும் நூலக வண்டியும் கிளம்பியது. பிறகு தேசிய நூலகத்தின் முதல் சிங்கப்பூர் இயக்குநரான ஹெட்விக் அனுவார், நகரத்துக்கு வர முடியாதவர்களிடம் புத்தகம் போக வேண்டும் என்று பாடுபட்டார். அவர் காலத்தில்தான் 1970ல் குவீன்ஸ்டவுனில் முதல் முழுநேரக் கிளை நூலகம் வந்தது. இன்றைக்கு விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்தின் ஆய்வு நூலகத்துக்கு லீ கொங் சியான் பெயர்தான். தமிழ் பேசாத ஒருவர் நம் மொழிக்கும் அலமாரியில் இடம் வேண்டும் என்று பணத்தோடு சேர்த்துக் கேட்டார், அந்த அலமாரிக்கு முன்னால் பிள்ளையைக் கூட்டிவந்து உட்காரவைக்கும் வேலை மட்டும்தான் நமக்கு மிச்சம்.

உங்கள் நாளிதழுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. 1935ல் தமிழ் முரசைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி, 1950களில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கே பக்கம் ஒதுக்கினார். அதில் எழுதிப் பழகியவர்களில் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். அந்தப் பழைய இதழ்களைத் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இன்றைக்கும் புரட்டலாம். 1965 முதல் 2015 வரை இங்கே வெளியான தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கிய மரபுடைமைத் திட்டத்துக்கும் நம் சமூகம் உழைத்திருக்கிறது. சேர்த்துவைப்பதில் நாம் குறைவைக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் மடியில் அதை விரித்துவைக்கும் இடத்தில்தான் குறைகிறது.

அதனால் சில கோரிக்கைகள். பள்ளிகள், தாய்மொழி இருவாரத்தில் மட்டும் கதை நேரம் வைக்காமல் வருடம் முழுக்க வையுங்கள், நூலகப் பணியாளரைப் பிள்ளைகளோடு உட்கார விடுங்கள். தமிழாசிரியர்களே, உங்கள் பாடச்சுமை எனக்குத் தெரியும், இருந்தாலும் மாதத்தில் ஒரு பாடவேளையில் பிள்ளைகளோடு நீங்களும் ஒரு புத்தகத்தை எடுத்து வாசியுங்கள். முடிந்ததும் எதுவும் கேட்காமல் அனுப்பிவிடுங்கள். அவர்களாக வந்து சொன்னால் கேளுங்கள். பெற்றோருக்கு, குறிப்பாக "எனக்கே தமிழ் சரியா வாசிக்க வராது" என்று தயங்குபவர்களுக்கு, பிள்ளையோடு சேர்ந்து எழுத்துக்கூட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது. தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களிடம் புத்தகத்தைக் கொடுங்கள், வெளியூரில் இருந்தால் வாட்ஸ்அப்பில் வாசித்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பாட்டி திருச்சியிலிருந்து தினம் ஒரு பக்கம் குரல்பதிவாக அனுப்புகிறார், பேத்தி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறாள். தனக்குப் பிடித்த இடத்தை எங்கள் நூலகத்தில் மற்ற பிள்ளைகளுக்கு அதே பாட்டி குரலில் வாசித்துக் காட்டினாள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று. பாலர் முரசு பக்கத்தில் அவ்வப்போது ஒரு கதை போடுங்கள், பெரிய எழுத்தில், கீழே கேள்வி இல்லாமல், கோடிட்ட இடம் இல்லாமல். அதை வெட்டி நான் நூலகச் சுவரில், பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டுகிறேன்.

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள், பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்த பெற்றோர் யாராவது இதை வாசித்தால், உங்கள் வட்டாரத் தொடக்கப்பள்ளியின் அலுவலகத்தில் தொண்டூழியராகக் கதை வாசிக்க விரும்புகிறேன் என்று சொல்லிப்பாருங்கள். பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் பெற்றோர் ஆதரவுக் குழு மூலமாகப் போவது சுலபம். போவதற்கு முன்னால் கதையை வீட்டில் ஒரு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள், மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள், இடைவேளை மொத்தமே அரை மணி நேரம்தான், அதில் பிள்ளைகள் சாப்பிடவும் வேண்டும் என்பதால் எட்டுப் பத்து நிமிடத்துக்குமேல் போகாத கதையாக எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி நூலகப் பணியாளர் ஒருவர்,
ஈசூன்.